ஒரு செதிலின் எடை

ஜூன் 2, செவ்வாய். காலை 6.10. எண்ணிக்கை: 62.

கருப்பு அட்டையைத் தரையில் போட்டு, அதன் மேல் நின்று, இடது முழங்காலுக்குக் கீழே துண்டால் ஒரே ஒரு முறை துடைத்தேன். அட்டையில் விழுந்த தோல் செதில்கள் அறுபத்திரண்டு. நேற்று 58. போன வார சராசரி 40. ஏறிக்கொண்டே போகிறது.

காய்ச்சல் வந்து, இதயத் தசை வீங்கி, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து நான்கு மாதம் ஆகிறது. இருபத்தேழு வயதில் தினம் மூன்று மாத்திரை. ஒன்று துடிப்பை அடக்க, ஒன்று ரத்த அழுத்தத்துக்கு, ஒன்று நீர் பிரிய. பிழைத்ததே பெரிது, தெரியும். ஆனால் தோல் உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது. சட்டையைக் கழற்றினால் தூள் பறக்கிறது.

மனைவி துடைப்பத்தோடு நின்று சொன்னாள்: “இதையெல்லாம் சேத்து வச்சா இன்னொரு ஆளே செஞ்சிடலாம். அவனாவது சொன்ன பேச்சு கேக்கறானான்னு பாப்போம்.”

ஜூன் 3.

65. நார் போட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தேன். எரிகிறது.

ஜூன் 5, வெள்ளி.

மோசமான நாள். வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தின் வேலை தராசுகளையும் எடைக்கற்களையும் சரிபார்ப்பது. அதில் உள்ளறை தனி. ஒரு மில்லிகிராமை ஆயிரமாகப் பிரித்துக் காட்டும் தராசு அங்கேதான் இருக்கிறது. மூச்சை அடக்கித்தான் அதன் கண்ணாடிக் கதவையே திறப்போம். அந்த அறைச் சாவிக்கு மூன்று வருடம் உழைத்திருக்கிறேன்.

இன்று ஒரு மில்லிகிராம் கல்லை வைத்தால் 1.043 காட்டியது. திரும்ப வைத்தேன். 1.043. காற்றோட்டம், அதிர்வு, ஈரப்பதம் எல்லாம் பார்த்தேன். நாற்பது நிமிடம் போனது. கடைசியில் புள்ளி மேடம் வந்தார். எங்கள் தலைமை. யார் அறிக்கை கொடுத்தாலும் முதலில் தசமப் புள்ளியைத் தேடி “புள்ளி எங்க?” என்று கேட்பதால் அந்தப் பெயர். லென்ஸ் வைத்துத் தட்டைப் பார்த்தார். இடுக்கியால் எதையோ எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது உன்னோடது.”

என் செதில். எடை 0.043 மில்லிகிராம். இந்த உலகத்தில் தன் தோலை இத்தனை துல்லியமாக எடை போட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

“உள்ளறைக்கு வராத. வெளிய உக்காந்து சான்றிதழ் எழுது. பெரிய கல்லு பக்கமும் போகாத, நீ தூக்கக் கூடாது.”

ஜூலை 6 அன்று வருடாந்தரத் தகுதிச் சோதனை. உள்ளறையில் உட்கார்ந்து தேறினால்தான் சாவி. இல்லையென்றால் வேறு ஆளுக்கு. என்னைக் கழற்றிவிட முடிவு செய்துவிட்டார் போல.

ஜூன் 6, சனி.

உட்கார்ந்து யோசித்தேன். ஒரு கருவியில் கோளாறு என்றால் என்ன செய்வோம்? ஒவ்வொரு பாகமாக நிறுத்திப் பார்ப்போம். எதை நிறுத்தியதும் கோளாறு போகிறதோ அதுதான் குற்றவாளி. இங்கே பாகம் மூன்று. அட்டவணை போட்டாயிற்று. நாளை முதல் துடிப்பு மாத்திரையை நிறுத்துகிறேன். அது முடிந்து அடுத்தது.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்துவாள்.

ஜூன் 7.

மாத்திரை இல்லை. 64. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 8.

66. பொறு. இன்னும் இரண்டு நாள் தரவு வேண்டும்.

ஜூன் 9, செவ்வாய். ஆஸ்பத்திரிப் படுக்கை.

படுத்துக்கிட்டே எழுதறேன். எழுத்து கோணலா வருது, போகட்டும்.

ஆய்வகத்துல இரண்டாம் மாடி ஏறும்போது பாதிப் படியில் நெஞ்சுக்குள்ள அடிக்க ஆரம்பிச்சுது— யாரோ உள்ளேயிருந்து கதவை இடிக்கிற மாதிரி. கண்ணு இருட்டுது. கைப்பிடியைப் பிடிச்சேன், பிடி நழுவுது. அவ்வளவுதானா? இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?

பின்னால் வந்துகொண்டிருந்தவர் புள்ளி மேடம். படியிலேயே உட்கார வைத்து மணிக்கட்டைப் பிடித்து வாட்சைப் பார்த்தார்.

“நூத்தி முப்பத்தாறு. மாத்திரை போட்டியா?”

கைப்பிடியை எட்டிப் பிடித்து எழப் பார்த்தேன்.

“கேட்டேன்ல.”

“மூணு நாளா நிறுத்தி வச்சிருக்கேன் மேடம். எதனால தோல் உரியுதுன்னு கண்டுபிடிக்க.”

வாட்சிலிருந்து கண்ணை எடுத்தார். “தட்டுல எடை இருக்கும்போது எவனாவது அடியில திருகாணியைக் கழட்டுவானா? நான் உனக்கு அப்படியா வேலை கத்துக் குடுத்தேன்?”

ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஆஸ்பத்திரி வரும்வரை மணிக்கட்டை விடவில்லை.

ஜூன் 10, புதன்.

துடிப்பு 84. மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

டாக்டரம்மா திட்டவில்லை. கேள்விதான் கேட்டார். எப்படிக் குளிக்கிறீர்கள்? கொதிக்கக் கொதிக்க வெந்நீர், இருபத்தைந்து நிமிடம். சோப்பு? கிருமி போக்கும் சோப்பு, இரண்டு முறை. நார்? ஆமாம். வேலையில்? முழங்கை வரை ஸ்பிரிட் துடைப்பு, நாளைக்குப் பதினைந்து தடவை.

“நீங்களே தேய்ச்சு உரிச்சுட்டுப் பழியை மாத்திரை மேல போடறீங்க. மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம், இல்லேன்னு சொல்லல. அதை நான் பாக்கணும். நீங்களா நிறுத்தினா தோல் இருக்கும், ஆள் இருக்க மாட்டீங்க.”

ரத்தப் பரிசோதனை பார்த்தார். கால் வீக்கம் வடிந்துவிட்டதால் நீர் மாத்திரையை மட்டும் அவரே பாதியாக்கினார். மற்ற இரண்டையும் தொடக்கூடாது.

வெந்நீர், சோப்பு, நார், ஸ்பிரிட். நான்கு காரணங்கள். ஒன்றுகூட என் அட்டவணையில் இல்லை. பெரிய டெக்னீஷியன்.

மனைவி கத்தவில்லை. அது இன்னும் மோசம். மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினாள். மூன்று அதிகம் இருந்தது.

“மூணு நாள் பொய் சொல்லியிருக்க.”

“பொய் சொல்லல. சொல்லாம இருந்தேன், அவ்வளவுதான்.”

“அதையும் அட்டவணையில எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன்.

ஜூன் 13, சனி.

புது முறை: வெதுவெதுப்பான நீர், ஐந்து நிமிடம், மென்மையான சோப்பு, நார் கிடையாது. உடம்பில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், களிம்பு. முதுகுக்குக் கை எட்டவில்லை.

“ஒரு நீளக் குச்சில பஞ்சு கட்டினா நானே—”

“ஆரம்பிச்சுட்டாரு. திரும்பு.”

தடவினாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி இருக்கிறதாம். புதன்கிழமையிலிருந்து என்னோடு அவள் பேசிய முதல் நீள வாக்கியம் அது. கை ஜில்லென்று இருந்தது. மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டியது எட்டு நிமிடம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

ஜூன் 18.

41. எரிச்சல் இல்லை.

ஜூன் 22.

எண்ண மறந்துவிட்டேன்.

ஜூன் 25, வியாழன்.

சான்றிதழ் எழுத உள்ளறைப் பதிவேட்டை எடுத்தேன். மூன்று வாரமாக என் பங்கு வேலை முழுவதும் மேடத்தின் கையெழுத்தில். நேரம் எல்லாம் மாலை ஐந்துக்கு மேல். எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து செய்திருக்கிறார்.

பின்பக்கத்தில் ஜூலை 6 சோதனைக்கான பட்டியல். முதல் பெயர் என்னுடையது. எழுதிய தேதி ஜூன் 5. அந்தச் செதிலை என் முகத்துக்கு நேரே நீட்டிய அதே நாள்.

நேரே போய்க் கேட்டேன். “ஏன் மேடம் சொல்லல?”

“சொல்லியிருந்தா அன்னைக்கே உள்ள வந்து நின்னுருப்ப. முதல்ல உடம்பு. மேசை மேல ஒரு பொட்டலம் இருக்கு, எடுத்துக்கோ.”

முழுக்கைப் பருத்தி அங்கி. மணிக்கட்டில் எலாஸ்டிக், கூடவே கையுறை. ஸ்பிரிட் இனி கையுறை மேல்தான், தோலில் வேண்டாம் என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு ஏன் இதெல்லாம் வாயில் வருவதில்லை?

ஜூலை 6, திங்கள். மாலை.

அங்கி போட்டுக்கொண்டு உள்ளறைக்குள் போனேன். ஒரு மில்லிகிராம் கல். இடுக்கி. கதவை மூடினேன். எண்கள் ஓடி நின்றன: 1.000. பத்து முறை வைத்தேன், பத்து முறையும் கடைசி இலக்கம் ஒன்றுக்கு மேல் அசையவில்லை. மேடம் தாளை வாங்கிப் பார்த்தார்.

“புள்ளி சரியா இருக்கு.”

சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் கருப்பு அட்டையைக் காணோம். மனைவி அதைச் சமையலறைச் சுவரில் மாட்டி, வெள்ளைப் பென்சிலால் கட்டம் போட்டிருக்கிறாள். தேதி, மூன்று மாத்திரை, பக்கத்தில் டிக். துடிப்பு மாத்திரைக்கு ஜூன் 7, 8, 9 கட்டங்களில் மட்டும் டிக் இல்லை. அதையும் விடாமல் போட்டு வைத்திருக்கிறாள்.

இனி செய்ய வேண்டியது:

1. காலை ஏழு மணிக்கு மாத்திரை. விழுங்கிய பிறகுதான் டிக். முன்கூட்டியே போடக் கூடாது.

2. குளியல் ஐந்து நிமிடம். பாட்டு ஓடினாலும் ஐந்துதான்.

3. 14ஆம் தேதி இதய ஸ்கேன். சந்தேகம் இருந்தால் டாக்டரம்மாவிடம் கேட்பது. கண்டுபிடித்துக்கொண்டு போய்ச் சொல்வது அல்ல.

4. மேடத்திடம் நன்றி சொல்ல வேண்டும். வாய் திறந்து. நாளை காலை, முதல் வேலையாக.

5. முதுகுக்குக் களிம்பு தடவ நீளப் பிடி வைத்த பஞ்சு மருந்துக் கடையிலேயே இருக்கிறது, இன்று பார்த்தேன். வாங்கப் போவதில்லை.