உச்ச நீதிமன்றம் என்று எழுதியவர்களுக்கு

இன்று காலை திருத்தும் முகாமில் விடைத்தாள் கட்டைப் பிரித்ததும் சணலும் பசையும் கலந்த அந்தப் புழுங்கிய வாசனை எழுந்தது. பக்கத்து மேசையில் நீ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. பாடம் பிரிட்டனின் அரசியல். மூன்றாவது கேள்வி நம் இருவருக்கும் தெரிந்ததுதான்: அந்நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றம் எது? விடைக்குறிப்பில் இன்றைக்கும் பிரபுக்கள் சபை என்றே அச்சாகியிருக்கிறது.

செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரே கல்லூரியில் நாம் இருவரும் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவம் பெயரில் மட்டும்தான். ஜூன்தோறும் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் வேலை. எனக்கு யாரோ சொல்லி எழுத வைத்த நோட்ஸை நான் அப்படியே மாணவர்களுக்குச் சொல்லி எழுத வைத்தேன். நீயோ சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே செய்தித்தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வருவாய்.

"அந்த வேலைய பிரபுங்க கையிலேர்ந்து புடுங்கி, தனியா சுப்ரீம் கோர்ட்டு வெச்சி பத்து வர்ஷத்துக்கு மேல ஆவுது மச்சான். எங்க ஊர்ல டச்சுக்காரன் கோட்டை இடிஞ்சி கெடக்குது. அங்க போயி எவனாச்சும் வரி கட்டுவானா? உன் நோட்ஸு கட்டிக்கினு கீது."

ஆசிரியர் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நோட்ஸை மாற்றவில்லை.

படிக்க வரும் வெளிநாட்டவரில் பெரும்பாலோர் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்று லண்டனில் அரசு தடை போட்டபோது, ஒரு முழு வகுப்பையும் அதற்கே கொடுத்தாய். "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டாள் ஒருத்தி. "வராது. உன் அக்கா புருஷன் விசா ஏஜென்ட் ஆபீஸ்ல ஃபாரத்த வெச்சிகினு குந்திகினு கீறாரே, அவுருக்கு வரும்" என்றாய். அன்று அந்தப் பெண் மணி அடித்த பிறகும் எழுந்து போகவில்லை, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். என் வகுப்பில் யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை.

அந்த ஆண்டு திருத்தும் முகாமில் இதே கேள்வி வந்தது. தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யார் பிள்ளைகளோ, சிலர் உச்ச நீதிமன்றம் என்று சரியாக எழுதியிருந்தார்கள். முகாம் தலைவர் அவர்களுக்குச் சைபர் போடச் சொன்னார். நீ எழுந்தாய்.

"சரியா எழுதினவனுக்கு சைபரு, தப்பா எழுதினவனுக்கு ரெண்டு மார்க்கா? இன்னா சார் நியாயம் இது?"

"ஆன்சர் கீ-ல இருக்கறதுதான் சார் நியாயம். நீங்க பேப்பர் திருத்த வந்தீங்களா, சிலபஸைத் திருத்த வந்தீங்களா?"

நீ என்னைப் பார்த்தாய். அதே பாடம் நடத்துகிறவன் நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாம் இருவராகியிருப்போம். நான் குனிந்து அடுத்த தாளில் சைபர் போட்டேன். நீ பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போனாய்.

ஜூனில் உன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. திருப்போரூரில் பிளாட் விற்கும் அலுவலகத்தில் சேர்ந்தாய். என்மேல் நீ கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "லண்டன்ல பதினாறு வயசுக்கே ஓட்டு குடுக்கப் போறாங்களாம் மச்சான், நோட்ஸ்ல ஏத்து" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். அதற்குப் பிறகு சில மாதங்களில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோயிற்று. உன்னை நீக்கிய துறைத்தலைவர் ரோஜா மாலையோடு வந்து, நல்ல மனுஷன் என்றார். நான் அவருக்கு நாற்காலி எடுத்துப் போடவில்லை. இன்றும் வணக்கம் சொல்வதில்லை. அற்பத்தனம்தான், விடப் போவதில்லை.

இன்றைய கட்டில் பதினொரு பேர் உச்ச நீதிமன்றம் என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒரு தாள், அந்த இரண்டு மதிப்பெண் இல்லாவிட்டால் தேறாது. பதினொன்றுக்கும் இரண்டு போட்டேன். அதே முகாம் தலைவர் என் மேசைக்கு வந்தார்.

"கீயைப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். அது தப்பு."

"ஜூன் வருது சார்."

"வருஷா வருஷம்தான் வருது. வரட்டும்."

மதியத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். வருத்தம் தெரிவித்து நாலு வரி எழுதினால் விட்டுவிடுவார்கள் என்று மற்றவர்கள் காதில் ஓதினார்கள். 'சரியான விடைக்கு மதிப்பெண் வழங்கப்பட்டது' என்று ஒரே வரி எழுதி, முழுப்பெயரைப் போட்டுக் கொடுத்தேன். வேலை போனால் போகட்டும்.

அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உன்னிடம் கேட்டிருக்க வேண்டியது மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது.