அடுப்போரம் வைத்த தோட்டா

மார்கழி 5
பத்து மணிக்கும் பனி விலகவில்லை. ஈர விறகு. தேங்காயெண்ணெய் கட்டியாகிவிட்டது, வெந்நீரில் போத்தலை வைத்து உருக்கினேன். அணை வேலைக்கு மலைமேல் வந்து இரண்டு மாதம். மாமியார் இல்லாத குடிசை, வாசலில் அவரைக்கொடி. வெளியே சொல்லக்கூடாது, சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

மத்தியானம் வீட்டுக்காரர் வந்தார். மடியிலிருந்து நாலு தோட்டா எடுத்து அடுப்போரம் வைத்தார். அணைக்காகக் குடைகிற சுரங்கத்தில் பாறை உடைக்கிற வெடிமருந்து! கத்திவிட்டேன்.

"குளுருல எறுகிப்போச்சு புள்ள. சூடு காட்டுனாத்தேன் வெடிக்கும். எல்லாரும் இப்படித்தேன்."

மடியில் அதைக் கட்டும் நாளெல்லாம் அவருக்கு மண்டையிடி.

மார்கழி 7
சோறு கொடுக்கச் சுரங்கத்து வாசலுக்குப் போனேன். அங்கே கொட்டகையில், தகரத்தில் தோட்டாவைப் பரப்பி, கீழே தீ. மேஸ்திரி பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார். ஒன்று பற்றி எரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். முத்தையா அண்ணன், மயிலாடும்பாறைக்காரர், "பாத்தியா தங்கச்சி, எரியும், வெடிக்காது" என்றார். சோற்றை வைத்துவிட்டு வேகமாகத் திரும்பிவிட்டேன்.

மார்கழி 8
இவரிடம் சொல்லிவிட்டேன்: "வீட்டுல தோட்டா இருந்தா நான் ஊருக்கு, ராயப்பன்பட்டிக்கு, இறங்கிருவேன்." தோட்டா அடுப்போரமே இருந்தது. கோபத்தில் தலை வாரப் போனால் எண்ணெய் மறுபடி கட்டி. வெந்நீர் எடுத்தேன். அப்போதுதான் தோன்றியது.

பெரிய பானையில் வெந்நீர், அதற்குள் மூடி போட்ட தகர டப்பா. டப்பாவுக்குள் தோட்டா. அடுப்பில் அல்ல, தூரத்தில், முற்றத்தில். அரை மணி நேரம். இளகிவிட்டது! இவர் என்னையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார்.

மார்கழி 9
பானை சுரங்கத்துக்குப் போனது. மேஸ்திரி கேட்டாராம், "தோட்டாவுக்கு வெந்நி வச்சுக் குளிப்பாட்டுறியோ? அரை மணி யாரு காத்திருக்கது?"

இவர் சொன்னாராம், "பாறை எங்கயும் ஓடிப்போகாது, மேஸ்திரி."

மூன்று தடவை சொல்லிக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் மேஸ்திரி குட்டையாகிக்கொண்டே போனார். மண்டையிடி இல்லை. இரண்டாவது முறை சோறு கேட்டார்.

மார்கழி 12
காலையில் சத்தம். தோட்டாச் சத்தம் பழகியதுதான், இது வேறு. ஓடினேன். கொட்டகை இல்லை, தீயில் வைத்த தகரம் இல்லை. முதலில் தெரிந்தது இவருடைய தலைப்பாகை. பானைக்குப் பக்கத்தில், தள்ளி, நின்றுகொண்டிருந்தார். மாதாவே.

முத்தையா அண்ணனுக்கு இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

மார்கழி 14
வெயில். துணி காய்ந்தது. மேஸ்திரி வந்தார், என்னைப் பார்க்காமல் அவரைக்கொடியைப் பார்த்துப் பேசினார். "இனிமே தீயில காட்டக்கூடாதுன்னு வெள்ளக்காரத் துரை சொல்லிட்டாக. இன்னும் ரெண்டு பானை இருக்கா ஆத்தா?" கொடுத்தேன்.

சாயந்திரம் முத்தையா அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். ஊருக்கு, அவர் சம்சாரத்துக்கு, கடிதம் எழுதச் சொன்னார்.

"விரலப் பத்தி வேணாம் தங்கச்சி. சொகம்னு மட்டும் எழுது."

எழுதி வாசித்தேன். மடிக்கப் போனேன், தடுத்தார்.

"இல்ல, எழுதிரு. பொய்யின்னா கண்டுபிடிச்சிருவா. ஆனா வலது கை நல்லாருக்குன்னு மொதல்ல எழுது."