பனங்கட்டியும் கனடா அக்காவும்

நிதர்சனாவின் அப்பாவுக்கு,

விடிய ஐந்தரை பஸ்ஸில் கருவாட்டோடு சந்தைக்குப் போகிறேன். எழுப்ப மனம் வரவில்லை.

குசினியில் அவித்த முட்டையும் மீனும் மூடி வைத்திருக்கிறேன். முதலில் அவை, பிறகு கொஞ்சம் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம்.

பனங்கட்டிப் போத்தலைத் தேடாதீர்கள், என்னோடு வருகிறது. பனங்கட்டியில் சீனி இல்லை என்று உங்களுக்கு எந்த டொக்டர் சொன்னார்? நேற்று அதைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணீர் குடித்தீர்கள். ஒரு மணித்தியாலம் கழித்து, வலை இழுக்கும்போது வேர்த்து நடுங்கி விழுந்தீர்கள். விழுந்தது மணலில் என்பதால் இன்று இதை வாசிக்கிறீர்கள்.

"எனக்கும் வயித்து ஒப்பரேசன்தானே, நான் கேக்கும் தின்னுறன்" என்று கனடாவிலிருந்து உங்கள் அக்கா சொன்னாவாம். தின்னட்டும். அவாவுக்கு உடம்பு மெலிய இரைப்பையை ஒடுக்கி மட்டும் விட்டார்கள். உங்களுக்கு ஒடுக்கியதோடு நிற்காமல் குடலையும் மாற்றித் தொடுத்திருக்கிறார்கள். இனிப்பு நேரே குடலுக்குள் போய், இரத்தத்தில் சீனி சட்டென்று ஏறும். பிறகு அதே வேகத்தில் விழும்; நடுக்கம் அதனால்தான். கிளினிக்கில் நேர்ஸ் மிஸ் இதைப் படம் கீறிக் காட்டியபோது நீங்கள் போனில் கிரிக்கெட் பார்த்தீர்கள்.

உங்களோடு தொழிலுக்குப் போகும் கொலின்ஸ், கடலுக்குப் போக வள்ளத்துக்குக் கூப்பிட வருவார். போகவேண்டாம்.

வீட்டுக் கதவுத் திறப்பு, மாதா படத்துக்குப் பின்னால்.

நடுங்கினால் மட்டும் கடிக்க, ஒரு துண்டுப் பனங்கட்டி உங்கள் சேர்ட் பையில் இருக்கிறது.

நேற்றுக் கேட்டதற்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். திரும்பவும் கேட்கிறேன்: "நடுக்கடலில விழுந்தா ஆரப்பா தூக்கிறது, கனடாவில இருந்து உங்கட அக்காவோ?"