ஐந்து மாதம் மிச்சமிருந்த உலகம்

என் சண்டைக்கார அண்ணிக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபம்தான் காரணம். வாதத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவளிடம் என்ன பேச்சு என்று இருந்தேன். இன்றைக்குப் பொறுக்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும், நியாயத்தை அவர்களும் கேட்கட்டும்.

நான் விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. நீ திண்டிவனத்தில் என் அண்ணனோடு சேர்ந்து செடி நர்சரி நடத்தியவள். என்னைவிட ஒரு வயது சின்னவளாக இருந்துகொண்டு, அண்ணி என்ற முறையை வைத்தே என்னை ஆட்டிவைத்தாய். ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் பிடித்து வந்தால், வேகவைத்த மல்லாட்டைக் கடலையைத் தட்டில் கொட்டிவிட்டு நேராகச் செவ்வாய் கிரகத்துக்குப் போய்விடுவாய். மனிதன் அங்கே வாழ முடியுமா, முடியாதா? மற்ற வீடுகளில் அண்ணியும் நாத்தனாரும் நகைக்குச் சண்டை போடுவார்கள். நாம் ஒரு கிரகத்துக்குப் போட்டோம்.

நான் முடியாது என்றேன். சுவாசிக்கக் காற்றில்லை, இருக்கிற கொஞ்சமும் பெரும்பாலும் கரியமில வாயு. தாங்க முடியாத குளிர். கதிர்வீச்சைத் தடுக்க வானத்தில் ஒன்றுமில்லை. வகுப்பில் சொல்வதுபோல் ஒப்பித்தேன். நீ ரோஜாக் கன்றுக்கு மண் அணைத்தபடியே கேட்டாய்:

“இன்னா டீச்சரம்மா, இல்ல இல்லன்னே சொல்லிக்கினு இருக்க? சித்திரை வெயில்ல இந்த ரோட்டோரம் ரோஜா வரும்னு எவனாவது சொன்னானா? நெழலு கட்டினேன், தண்ணி ஊத்துனேன், வந்துச்சு. அங்கியும் கட்டுவாங்க, ஊத்துவாங்க.”

“தண்ணி எங்கருந்து வரும்?”

“ஊத்துன தண்ணியே திரும்பி வரும். பாக்குறியா?”

அப்படித்தான் அந்தக் கண்ணாடி மிட்டாய் பாட்டில் வந்தது. அடியில் கூழாங்கல், மேலே மண், கொஞ்சம் பாசி, ஒரு சின்னப் பெரணிச் செடி, ஒரு டம்ளர் தண்ணீர். மூடியைச் சுற்றி மெழுகை உருக்கி ஊற்றிச் சமையலறை ஜன்னலில் வைத்தாய். பந்தயம் இதுதான்: ஐந்து வருஷம் திறக்காமல் செடி உயிரோடு இருந்தால், பள்ளியில் காலை வழிபாட்டில் நின்று, “மனிதன் வேறு கிரகத்தில் வாழ முடியும், என் அண்ணி சொன்னதே சரி” என்று நான் சொல்லவேண்டும். செத்தால், செவ்வாய் என்ற பேச்சையே நீ எடுக்கக் கூடாது. ஒரு பாட்டிலும் ஒரு கிரகமும் ஒன்றா என்று கேட்டேன். “பயப்படுறியா?” என்றாய். அப்புறம் நான் எப்படிப் பின்வாங்குவேன்?

நான்கு வருஷம் ஏழு மாதம். காலையில் கண்ணாடியின் உட்பக்கம் நீர்த்துளிகள் கோத்து, வழிந்து, மண்ணுக்கே திரும்பும். பழைய இலை மக்கும், புது இலை சுருள் பிரியும். ஒவ்வொரு முறை வரும்போதும் அது வாடியிருக்காதா என்றுதான் முதலில் பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பிறகு ஒரு காலை, பூவாளியும் கையுமாக நீ நர்சரியிலேயே விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

உன்னை எடுத்துக்கொண்டு போனதும் பெண்கள் வழக்கப்படி வீட்டைக் கழுவினார்கள். சாவு வீட்டில் பிடித்துவைத்த தண்ணீர் ஒரு சொட்டு இருக்கக் கூடாதே. குடத்தைக் கவிழ்த்தார்கள், தவலையைக் கவிழ்த்தார்கள். எங்கள் பெரியம்மாவின் கண்ணில் அந்தப் பாட்டில் பட்டது. உள்ளே தண்ணீர் நிற்கிறது. மெழுகைக் கத்தியால் சுரண்டித் திறந்து, மண்ணும் செடியுமாக வாசல் சாக்கடையோரம் கொட்டிவிட்டார்.

நான் அலறிய அலறலில் தெருவே திரும்பிப் பார்த்தது. உன் உடலை எடுத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. பெரியம்மா துளியும் அசரவில்லை.

“செத்த ஊட்ல பழைய தண்ணிய வெச்சிக்கினு இருப்பாங்களாடி? நீயெல்லாம் படிச்சவதானே?”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்குச் செய்யவேண்டியதைத்தான் அவர் செய்தார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது: செவ்வாயில் ஒருவர் செத்தால், மிச்சமிருப்பவர்கள் எதைக் கொட்டி அழுவார்கள்? அங்கே ஒரு சொட்டைக்கூட வீணாக்க முடியாதே. காற்றையும் தண்ணீரையும் பற்றி இத்தனை வருஷம் பேசினோம், சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினோமா?

பெரணியைப் பொறுக்கி எடுத்து, தொட்டியில் நட்டு, உன் நர்சரியின் பச்சை நிழல்வலைக்கடியிலேயே வைத்தேன். மாலைக்குள் துவண்டது, மறுநாள் கருகிவிட்டது. திண்டிவனத்துக் காற்று அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மனிதன் மூடிய பாட்டிலுக்குள் நன்றாக வாழ்ந்த செடி, நாம் எல்லோரும் வாழ்கிற வெட்டவெளியில் ஒரு பகலைத் தாங்கவில்லை. அது அந்த உலகத்துச் செடியாகவே ஆகிவிட்டிருந்தது, அண்ணி. இது உன் கட்சிக்குச் சாதகமான சாட்சி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐந்து வருஷம் என்றால் ஐந்து வருஷம்.

அண்ணன் சமாதானம் பேசினார். “உடு மலரு. நீயே ஜெயிச்சதா வெச்சிக்கோ.” எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. எதிராளி செத்ததால் கிடைக்கிற வெற்றி எனக்கு எதற்கு?

போன வாரம் அவரே உன் நர்சரியிலிருந்து ஒரு பெரணியைப் பெயர்த்துக்கொண்டு விழுப்புரம் வந்தார். என் சமையலறையில் உட்கார்ந்து இருவருமாகப் புதுப் பாட்டிலை மூடினோம். மெழுகை அவர் ஊற்றினார், பாட்டிலை நான் பிடித்துக்கொண்டேன். ஐந்து வருஷம் கழித்து வழிபாட்டில் பேச எனக்கு ஒரு நாள் வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். சிரித்தார்.

“ரிடையர் ஆவ உங்களுக்கு மூணு வருஷந்தான் இருக்கு. அஞ்சு வருஷக் கணக்கு இன்னாங்க டீச்சர்?”

“ரிடையர் ஆனா கேட்டுக்குள்ள உடமாட்டீங்களா?” என்றேன்.

பெரியம்மாவுக்கும் போன் போட்டேன். இந்த வீட்டில் யார் செத்தாலும், நானே செத்தாலும், எல்லாத் தண்ணீரையும் கொட்டுங்கள், அந்தப் பாட்டிலை மட்டும் தொடக் கூடாது என்றேன். “இது இன்னாடி புது வழக்கம்?” என்று சத்தம் போட்டார். ஆமாம், புது வழக்கம்தான் என்றேன். அடுத்தவர் செத்தபிறகும் உள்ளே இருக்கிற உயிரை விட்டுவைக்கத் தெரிந்தவர்கள் யாராவது போகட்டுமே அந்தக் கிரகத்துக்கு.

நீ செத்ததால் வாதம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்காதே. ஐந்து வருஷம் முடியும் வரை, கேட்கிற பிள்ளைகளிடமெல்லாம் முடியாது என்றுதான் சொல்வேன், இன்னும் உரக்கச் சொல்வேன். அன்றைக்குப் பெரணி பச்சையாக இருந்தால், வழிபாட்டில் நின்று உன் பெயரைச் சொல்லி, தோற்றேன் என்பேன். இது சத்தியம். தோற்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது அண்ணி. ஆனால் விட்டுக்கொடுத்துத் தோற்க மாட்டேன். என்னைத் தோற்கடித்துக் காட்டு.

இன்னும் மல்லுக்கு நிற்கும்
உன் நாத்தனார்
மலர்விழி