தப்பிப்போன இரண்டு மீன்கள்

என் நைனாவுக்கு,

ஆமாம், கடலில் வாந்தி எடுத்தேன். மூன்று தடவை. மூன்றாவது தடவை சித்தப்பாவும் கூடவே எடுத்தார். உங்களிடம் சொன்னால் தப்பில்லை.

எந்தச் சித்தப்பா என்று கேட்பீர்கள். உங்கள் தம்பிதான். ஆறு வருஷமாக நம் வாசலை மிதிக்காதவர். உங்களை அடக்கம் செய்த அன்றுகூடக் கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியிலேயே நின்றவர். போன வாரம் நம் வீட்டுத் தெருவில் வந்து நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"பாப்பா, கம்பெனி நாலு நாள் லீவு. ராயபுரத்துல படகு பேசிக்கிறேன். வர்றியா?"

"நானா?"

"பின்ன, உங்க நைனாவா வரும்?"

சொன்ன பிறகு தரையைப் பார்த்தார். நான் வருகிறேன் என்றேன். ஏன் என்னைக் கூப்பிட்டார்? கேட்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை நீங்கள் இருவரும் படகை வாடகைக்கு எடுத்து, ராத்திரி முழுக்க ஆழ்கடலில் தூண்டில் போட்டுவிட்டு வருவது ஆம்பூருக்கே தெரியும். கடைசித் தடவை சித்தப்பாவின் தூண்டிலில் பெரிய மீன் ஒன்று சிக்கியபோது, நீங்கள் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டதும் தெரியும். "எங்கண்ணனுக்குப் பொறாம" என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். அதற்கப்புறம் தோல் கம்பெனியில், தோல் ஊறும் ஒரே சுண்ணாம்புக் குழியின் இரண்டு கரையில் நின்று தோல் இழுத்தீர்கள், மூன்றாம் ஆளிடம் சொல்லியனுப்பிப் பேசிக்கொண்டீர்கள். நீங்கள் ஏன் ஒரு தடவைகூட விளக்கம் சொல்லவில்லை?

ராயபுரத்தில் படகுக்காரர் மாணிக்கம் என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"பொம்பளைங்கள ஏத்தறதில்லீங்க."

"இது பொம்பள இல்லய்யா," என்றார் சித்தப்பா. "பி.ஏ."

மாணிக்கம் யோசித்தார். அந்த வகையை ஏற்றக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை போலிருக்கிறது. ஏறிக்கொண்டேன்.

கரை மறைந்தது. இருட்டில் தண்ணீருக்குள் கை விட்டால் விரல்கள் மினுங்கின. கல்லூரியில் கடலைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ஒரு பக்கத்திலும் இந்தக் குமட்டல் இல்லை.

"சுண்ணாம்புக் குழி நாத்தத்துல வளந்தவளுக்கு மீன் நாத்தம் ஆவலியா?" என்று சித்தப்பா சிரித்தார். ஒரு துண்டுப் புளியைக் கொடுத்துச் சப்பச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் புளி தேவைப்பட்டது.

விடியும்போது என் தூண்டில் இழுத்தது. உங்களுக்குத் தெரியும், கோல் கிடையாது. வெறும் கயிறு. அது ஈரத்தில் நழுவியது. என் கை என்னைக் கேட்கவில்லை. கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது. குழியிலிருந்து ஈரத் தோலை இழுக்கும்போது வால் பக்கத்தை நீங்களெல்லாம் சுற்றிக்கொள்வீர்களே, அப்படி. சுற்றாவிட்டால் நழுவும். பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம்.

ஆனால் தோல் திருப்பி இழுக்காது.

முழங்கால் படகின் விளிம்பில் இடித்தது. பாதி உடம்பு வெளியே போய்விட்டது. கயிறு சதைக்குள் இறங்கியது. அப்போதும் விட வேண்டும் என்று தோன்றவில்லை. எவ்வளவு பெரிய மீன் என்றுதான் தோன்றியது.

திடீரென்று கயிறு தளர்ந்தது. பின்னால் விழுந்தேன். பக்கத்தில் சித்தப்பா. கையில் கத்தி.

"எதுக்கு அறுத்தீங்க? அது என் மீனு."

"கையப் பாரு பாப்பா."

"உங்கள யாரு அறுக்கச் சொன்னது?"

அரை மணி நேரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் உங்களோடு ஆறு வருஷம். நம் குடும்பத்தில் கோபம் கம்மியாகிக்கொண்டு வருகிறது, நைனா.

மாணிக்கம் என் கைக்கு ஒரு துணியைச் சுற்றிவிட்டு, எங்களுக்குக் கஞ்சி கொடுத்தார். சித்தப்பா குடிக்கவில்லை. கத்தி இன்னும் அவர் மடியில் இருந்தது.

"நானும் அன்னிக்கி இப்டித்தான் சுத்திக்கினேன்," என்றார். "அண்ணன் கையப் பாத்துச்சு. நான் மீனத்தான் பாத்தேன்."

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆறு வருசம். இன்னா பேஜாரு வேல பாரு," என்றார். என்னாலும் அடக்க முடியவில்லை. வெயில் ஏறுவதற்குள் இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று மாணிக்கம் பார்த்தார்.

இதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். உங்களைப் பொறாமைக்காரர் என்று கேள்விப்பட்டவர்கள் இதையும் கேள்விப்பட வேண்டாமா?

"எழுது. ஒண்ணு வுடாம எழுது. என் பேரு மட்டும் வேணாம்." கொஞ்சம் பொறுத்து, "வாந்தியும் வேணாம்," என்றார்.

பெயரை விட்டுவிட்டேன்.

சாயங்கால ரயிலில் ஆம்பூர் வந்தோம். கடைத்தெரு முனையில் அவர் தம் தெருவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. தாம் பிடித்த வஞ்சிரத்தை உப்பிட்டு ஓலைப்பெட்டியில் வைத்திருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். அம்மா கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள், என் கைக்கட்டைப் பார்த்தாள்.

"இன்னா ஆச்சு?"

"பெரிய மீனு, அண்ணி. பாப்பா கயித்த கையில சுத்திக்கிச்சு. நான்தான் அறுத்து வுட்டேன்."

அம்மா என் கைக்கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கட்டினாள். அவர் பெட்டியோடு வாசலிலேயே நின்றார்.

"சரி, உள்ள வா," என்றாள். "மீனக் குடு."

வரும் வருஷமும் அவரோடு போவேன், நைனா. மணிக்கட்டில் சுற்ற மாட்டேன். அவர் சுற்றினால் நான் அறுப்பேன், எத்தனை வருஷம் பேசாவிட்டாலும். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அன்று ராத்திரி மூன்று தட்டு எடுத்து வைத்துச் சோறு போட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளும் உங்கள் தம்பி மகளுமான
எஸ்தர்