பிரிசில்லாவின் லைக்கா

9 ஜூன் 2007, சனி

இவர் இன்றும் சிதம்பரம் போய்விட்டார். ஏழரை பஸ். தோளில் யாஷிகா காமிரா, பையில் வெள்ளை அட்டைகள்.

ஆகஸ்ட் பத்தொன்பது உலகப் புகைப்பட நாளாம். அன்றைக்கு அங்கே ஒரு கல்லூரியில் பழைய காமிராக்களின் கண்காட்சி. எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிற அத்தனையும் போகப்போகின்றன. ஏற்பாடு செய்கிறவள் பிரிசில்லா. தாவரவியல் விரிவுரையாளர், நாற்பது இருக்கும், கணவர் இறந்து நாலு வருடம்.

நேற்று ஆசிரியர் அறையில் தமிழாசிரியை கொளஞ்சி எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "என்னா மலரு, உங்க வூட்டுக்காரரு சனிக்கெழம தவறாம செதம்பரம் போறாராமே? நடராஜருக்கு வேண்டுதலா?"

சிரித்தேன். வேறென்ன செய்வது? எம்.எஸ்சி. படித்தவள், பிசிக்ஸ் வாத்தியார், நாற்பத்தொன்பது வயது. பொறாமைப்படுகிற வயதா இது?

17 ஜூன், ஞாயிறு

அவளே வீட்டுக்கு வந்தாள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாணமாம், அப்படியே எட்டிப் பார்த்தாளாம். கையில் தோல் உறை. உள்ளே ஒரு லைக்கா. அவள் கணவர் ஆரோக்கியராஜ் கப்பலில் இஞ்சினியர். கடைசியாக வாங்கிக் கொடுத்தது இதுதானாம். மேல் தகட்டில் ஜெர்மன் எழுத்து, பக்கத்தில் ஒரு கழுகு முத்திரை.

இவர் கையைத் துடைத்துக்கொண்டு, பிரசாதம் வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். லென்ஸைத் திருகிக் கழற்றி உள்ளே பார்த்தார். லென்ஸை மெதுவாகத் திரும்ப மாட்டினார். பிறகு, "நல்லா வெச்சிருக்கீங்க" என்றார்.

அப்புறம் பாடம் ஆரம்பித்தது. "அதுக்கு முன்னாடி காமிரான்னா முக்காலியில நிக்கிற பெட்டிதாங்க. சினிமா பிலிமப் போட்டு, கோட்டுப் பையில போற மாதிரி சின்னதா செஞ்சான் பாருங்க, 1925ல, அதான் லைக்கா."

அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். இருபத்து நாலு வருடமாக நானும்தான் கேட்கிறேன். ஒரு நாளும் கன்னத்தில் கை வைத்ததில்லை.

"எங்க வாங்குனாராம்?" என்றேன்.

"ஒடெஸா துறைமுகத்துலக்கா. ஒரு ரஷ்யாக்காரர்ட்ட."

துடைத்துத் தருகிறேன் என்று காமிராவை இங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்.

18 ஜூன்

ஜெர்மன் காமிராவை ரஷ்யாக்காரன் ஏன் விற்கிறான்?

22 ஜூன், வெள்ளி

பள்ளி விட்டதும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். என் வயதில் அங்கே யாரும் இல்லை. பரவாயில்லை.

ரஷ்யாவில் லைக்காவை அப்படியே பார்த்து ஃபெட், ஸோர்க்கி என்று செய்திருக்கிறார்கள். அவை நல்ல காமிராக்களே. பிற்பாடு யாரோ சிலர் மேல் தகட்டின் பெயரைச் சுரண்டிவிட்டு லைக்கா என்று பொறித்து, கழுகையும் சேர்த்து, வெளியூர்க்காரர்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. லென்ஸைக் கழற்றினால், தூரம் அளக்கிற கம்பியின் முனை உள்ளே மேல்பக்கத்தில் தெரியும். அசலில் அந்த முனை ஒரு குட்டிச் சக்கரம். போலியில் தட்டையான நாக்கு.

அவர் ஆபீஸிலிருந்து வருவதற்குள் வீட்டுக்கு ஓடி வந்து கழற்றிப் பார்த்தேன்.

நாக்கு.

வெட்கமாக இருக்கிறது. ஆனால் சந்தோஷம்தான் ஜாஸ்தி. கண்காட்சியைத் திறந்து வைக்கப் புதுச்சேரியிலிருந்து ஒரு காமிரா சேகரிப்பாளர் வருகிறாராம். வரட்டும். வந்து லென்ஸைக் கழற்றட்டும்.

7 ஜூலை, சனி

ஆத்திரமாக வருகிறது. எழுதினால்தான் அடங்கும்.

இவர் காமிராக்களுக்கு விளக்க அட்டை எழுதுவது எப்போதும் நான்தான். இந்தத் தடவை எல்லாம் அவள் கையெழுத்து. சிதம்பரத்திலிருந்து கொண்டுவந்து மேசையில் பரப்பினார். 1839, டாகர், வெள்ளித் தகட்டில் படம். 1888, ஈஸ்ட்மன், சுருள் பிலிம். 1900, குழந்தைகளுக்காகக் கோடாக் பிரவுனி. ஒவ்வொன்றாக நகர்த்தி அழகு பார்த்தார்.

"ஏன், என் எழுத்து என்ன ஆச்சு?"

"ஒன்னுது பெரிசும் சின்னதுமா போவும் மலரு. அவுங்களுது அளவா இருக்கு பாரு."

என்னை மீறி வந்துவிட்டது. "அளவா எழுதி என்ன பண்றது? அவ லைக்காவே டூப்ளிகேட்டு."

அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "தெரியும்."

"எப்பலேருந்து?"

"மொத நாளே. லென்ஸக் கழட்டுனப்பவே பாத்துட்டேன். செத்துப்போன மனுசன் ஆசையா வாங்கியாந்தது. எப்பிடிச் சொல்றது?"

எப்படிச் சொல்வதா?

எங்கப்பாவின் பதினாறாம் நாள் காரியம். வந்தவர்களிடம் அம்மா, அப்பாவின் ஆக்ஃபா கிளிக்கை எடுத்துக் காட்டினாள். "ஜெர்மன்காரன் செஞ்சது. உசுரா வெச்சிருந்தாரு." இதே மனிதர் அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "ஜெர்மன் இல்லத்த. பரோடாவுல செஞ்சது." அம்மா காமிராவைத் திரும்ப உறைக்குள் போட்டாள். அப்புறம் யாருக்கும் காட்டவில்லை.

அன்னைக்கு எங்க போச்சு இந்த எரக்கம்? சர்வே டிபார்ட்மென்ட் ஆளு. சுவத்துல காலண்டர் ஒரு நூல் சாஞ்சிருந்தாலும் சொல்லாம சோறு எறங்காது. கல்யாண ஆல்பத்துல தேதி தப்புன்னு பேனாவால அடிச்சித் திருத்துனவரு. அவளுக்காக மூணு வாரமா வாய மூடிக்கிட்டு இருந்திருக்காரு.

அவளத் தொட்டிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு எரிஞ்சிருக்காது.

8 ஜூலை

காப்பி குடிக்கும்போது, "அவுங்ககிட்ட சொல்லிடாத" என்றார்.

"அட்டையில என்ன எழுதப்போறீங்க?"

"'ஆரோக்கியராஜ் அவர்களின் காமிரா'ன்னு. அது பொய் இல்லியே. புதுச்சேரிக்காரர்கிட்டயும் சொல்லி வெச்சிட்டேன்."

எல்லாம் யோசித்து வைத்திருக்கிறார்.

28 ஜூலை, சனி

நல்ல மழை. ஆனாலும் போனார்.

18 ஆகஸ்ட், சனி

நானும் சிதம்பரம் போனேன். கூப்பிடவில்லை, போனேன்.

கல்லூரிக் கூடத்தில் மேசைகள் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். இவர் அந்தக் கோடியில் ஏணிமேல் நின்று, நூல் பிடித்துப் படங்களை மாட்டிக்கொண்டிருந்தார். பிரிசில்லா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, நீங்க பிசிக்ஸ்னு சார் சொன்னாரு. இது நெசமாவே லைக்காதானாக்கா? சாரக் கேட்டா 'நல்லா வெச்சிருக்கீங்க'ன்னே சொல்றாரு. அவுரு யார் மனசும் நோவப் பேச மாட்டாரு. நீங்க பட்டுனு சொல்லிடுவீங்க."

யார் மனசும் நோகப் பேச மாட்டாராம். என் வீட்டுக்காரர்.

ஏணியிலிருந்து இவர் என்னைப் பார்த்தார். லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அது மட்டும் இல்லாவிட்டால் நானும் ஏதாவது மழுப்பியிருப்பேனோ என்னவோ. அந்தக் கெஞ்சல் அவளுக்காக.

"லைக்கா இல்ல. ரஷ்யாவுல செஞ்சது, மேல பேரு மட்டும் மாத்தியிருக்கான். சாருக்கு மொத நாளே தெரியும்."

கடைசி வாக்கியத்தை அவள் கேட்கவே இல்லை. நானாகத்தான் சேர்த்தேன்.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காமிராவைப் பார்க்கவில்லை, ஏணியைப் பார்த்தாள்.

"ஏன் சார், ரெண்டு மாசமா என்னப் பாத்துப் பாவப்பட்டுக்கிட்டா இருந்தீங்க? எங்க வூட்டுக்காரரு ஏமாந்துட்டாருன்னு சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன் சார். தர்பூசணி வாங்கப் போனாக்கூட ஏமாந்துதான் வருவாரு. நீங்க எதுக்கு மூடி மூடி வெச்சீங்க? நான் என்னா கொழந்தையா?"

இவர் ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. நூலைப் பிடித்தபடி நின்றார்.

19 ஆகஸ்ட்

அட்டையை அவளே மாற்றிவிட்டாள். 'லைக்கா என்று விற்கப்பட்ட ரஷ்யக் காமிரா. ஏமாந்தவர்: என் கணவர் ஆரோக்கியராஜ்.' கூட்டம் முழுக்க அந்த மேசையில்தான். புதுச்சேரிக்காரர் லென்ஸைக் கழற்றி நாக்கைக் காட்ட, மாணவிகள் மொய்த்தார்கள். அவள் நடுவில் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு அழகாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கிளம்பும்போது என் கையைப் பிடித்து "தேங்ஸ்க்கா" என்றாள். இவரிடம் "வரேன் சார்." அவ்வளவுதான்.

8 செப்டம்பர், சனி

வீட்டில் இருந்தார். மின்விசிறி துடைத்தார்.

6 அக்டோபர், சனி

இன்றும் வீட்டில்தான். இதைத்தானே கேட்டாய், மலர்க்கொடி?

சாப்பிடும்போது அவராகவே சொன்னார். "அந்தக் காமிராவத் தெறந்து பாத்தப்ப, ஒங்கம்மா மொகம்தான் ஞாபகம் வந்துச்சி. பரோடான்னு நான் சொன்னப்ப இருந்துச்சே, அந்த மொகம். அதான் வாய் வரல."

நம்புவதா? ஒன்றரை மாதம் யோசித்து எனக்காகச் செய்த காரணமா? சொன்ன பிறகு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் இன்னும் மோசம். எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டதைக் கொண்டுபோய் அவள் வீட்டில் செலவழித்திருக்கிறார்.

மோர் ஊற்றினேன்.

4 நவம்பர், ஞாயிறு

போன வாரம் மழை விட்டிருந்த ஒரு மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். யாஷிகாவைத் தன் கழுத்திலிருந்து கழற்றி என் கழுத்தில் மாட்டி, "எடு" என்றார். குனிந்து மேலிருந்து பார்க்கிற காமிரா. கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும். நிமிர்த்துகிறோம் என்று நினைத்துத் திருப்பினால் இன்னும் சாயும். படகுகளையும் கடலையும் எடுத்துத் தள்ளினேன்.

இன்று பிரிண்ட் வந்தது. ஒன்றுகூட நேராக இல்லை. ஒரு படத்தில் கடல் முழுவதும் வலது மூலை வழியாகக் கொட்டிவிடும் போலிருக்கிறது. அதைத்தான் கையை நீட்டி, தள்ளிப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"கடலு சாஞ்சி கெடக்குதே" என்றேன்.

"அன்னிக்கிக் காத்து ஜாஸ்தியில்ல?" என்றார். "நல்லா வந்திருக்கு மலரு."

முப்பது வருடம் நிலம் அளந்தவர்.

அவளிடமும் இதே குரலில்தான் சொன்னாரா? கேட்கவில்லை. பிரேம் போடக் கொடுக்கட்டுமா என்றார். கொடுங்கள் என்றேன்.