பத்து நாள் சோதனை

இன்று காலை உன் மடிக்கணினியைத் திறந்தேன், மச்சான். விசைப்பலகையிலிருந்து இன்னும் உன் தைல வாசம் வருகிறது. நெற்றியில் தைலம் தேய்த்த விரலாலேயே நிரல் எழுதுகிற ஆளை உன்னைத் தவிர நான் கண்டதில்லை.

நாம் புலம்பெயர்ந்து வந்த இந்த ஊரில், டோர்செட் பார்க் அடுக்குமாடிகளில் பழைய மடிக்கணினிகளைச் சேர்த்து, நாம் இருவரும் உருவாக்கிய தமிழ் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அங்கேயே இருக்கும் வயதானவர்களுக்குக் கொடுத்தோம். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு ஒரே சண்டைதான்: எந்தக் கேர்னல்? கணினியின் பாகங்களையெல்லாம் இயக்குகிற அந்த அடிநிரலில் நான் புத்தம் புதியதைக் கேட்பேன். நீ நெடுநாள் பராமரிக்கப்படும் பழையதைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். எதுவானாலும் முதலில் உன் பழைய மடிக்கணினியில் பத்து நாள் ஓடியாக வேண்டும். "உந்தக் கிழடு பத்து நாள் மூடித் திறந்தும் முழிச்சுதெண்டால் சனத்திட்டக் குடுக்கலாம்" என்பாய். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்ததும் எனக்கு யாரும் தடையில்லை. புதிய கேர்னலை என் புதிய கணினியில் அரை நாள் பார்த்துவிட்டு வெளியிட்டேன். இடம் மிச்சமாகும் என்று பழைய கேர்னலை அழித்துவிடவும் அதிலேயே எழுதி வைத்தேன். உன் கட்டிலருகே இருந்த மடிக்கணினியும் அதைத் தானாகவே இறக்கிக்கொண்டது.

மறுநாள் எனக்குப் போன் செய்தாய். "மச்சான், உன்ர புதுக் கேர்னல் வந்ததில இருந்து வைஃபையைக் காணேல்ல. திட்டேல்லையடா. பழையதை ஒரு பென்டிரைவில போட்டுக்கொண்டு வா. அம்மாவைப் பாக்கோணும், முகம் பாத்துத்தான் கதைப்பன்."

யாழ்ப்பாணத்திலிருந்த அம்மாவுடன் தினமும் காலையில் பேசுவாய். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றபிறகு, சின்னக் கைப்பேசித் திரையில் அவர் முகம் உனக்குப் பிடிபடுவதில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், "நாளைக்கு வாறன்" என்றேன். இதேபோல் வைஃபை போன மற்றவர்களின் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, அதற்கும் அடுத்த நாள்தான் என் வீடு இருக்கும் மில்லிக்கனிலிருந்து காரை எடுத்தேன். நான் வந்தபோது உன் வாயில் குழாய் இருந்தது. பென்டிரைவ் என் ஜாக்கெட் பையிலேயே கிடந்தது. நீ பிறகு கண் திறக்கவில்லை.

இப்போது அடுத்த வெளியீடு. பழைய கேர்னலையே எடுத்திருக்கிறேன். உன் மனைவியிடம் இந்தக் கிழட்டை வாங்கி வந்து ஒன்பது நாள் மூடித் திறந்தேன். பத்தாம் நாளான இன்று, கடைசிச் சோதனையாக உன் அம்மாவுக்கு அழைத்தேன்.

"தம்பி, என்ர முகம் வடிவாத் தெரியுதோ?"

"ஓம் அம்மா, வடிவாத் தெரியுது."

அவர் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "கடைசி ரெண்டு நாளும் அவன் ஏன் எடுக்கேல்ல? என்னோட கோவமோ?"

"லைன் சரியில்லை அம்மா" என்றேன்.

வெளியீட்டை அனுப்பிவிட்டேன், மச்சான். உன் சட்டப்படி எல்லாம் சரி. லைனை அறுத்தது நான்தான் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டியதை மட்டும் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று உன்னிடம் இனியும் சொல்லமாட்டேன்.